இரவல் சங்கிலி

எங்கள் சந்தில் ஒரு வீட்டுக்குப் பெரிய மனுஷர் வருகிறார் என்றால் அவருக்கு முன்னால் நாற்காலி வந்துவிடும். பெண் பார்க்க வந்தாலும் சரி, கோயிலிலிருந்து ஃபாதர் வந்தாலும் சரி. முனை வீட்டிலிருந்து நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, எதிர் வீட்டிலிருந்து மேசை ஃபேன், மாடியிலிருந்து பூப்போட்ட கண்ணாடித் தம்ளர் ஆறு, எங்கள் வீட்டிலிருந்து சங்கிலி. இரண்டரைப் பவுன். என் வீட்டுக்காரி இசக்கியம்மாளுக்கு அவள் அப்பா போட்டது. அது ஏறாத கழுத்து எங்கள் சந்தில் இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த எங்கள் ஆட்கள் எதை மறந்தாலும் இதை மறக்கவில்லை. வந்தவர் கண்ணுக்கு வீடு குறைவாகத் தெரியக் கூடாது. அவர் போன பிறகு பழைய சோற்றைப் பிழிந்து தின்றாலும் பரவாயில்லை.

இதற்கு ஒரு சட்டமும் உண்டு. இரவல் கொடுத்தவள் வாய் திறக்கக் கூடாது. தன் சங்கிலி இன்னொருத்தி கழுத்தில் கிடக்கும்போது அதைப் பார்க்கவே கூடாது. இசக்கியம்மாள் அந்த நேரத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இந்தப் பழக்கம்தான் ஏஞ்சலம்மாளைக் கெடுத்தது. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் நானே சொல்கிறேன்.

நான் சுடலைக்கண்ணன். சந்து தொண்ணூறு அடி ரோட்டில் சேருகிற முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். ஆதார், ரேஷன், பள்ளிக்கூட அட்மிஷன், சர்க்காருக்கு எழுதவேண்டிய சகல அழுகைகளும் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். ஏஞ்சலம்மாள் வீடு கடையிலிருந்து ஒன்பதாவது கதவு. ஒரே அறை, மேலே ஒரு பரண். புருஷன் சேசுராஜ் அம்பர்நாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் கூலி. விடியுமுன் ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வருவான். மகள் கிளாரா செம்பூரில் ஒரு மாலில் பில் போடுகிறாள்.

ஏஞ்சலம்மாளுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம். இடது காலில் சுத்தமாக உயிர் இல்லை, வலது கால் பாதி தாங்கும். தொடையிலிருந்து ஷூ வரைக்கும் இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த கேலிபர் ஒன்றை இடது காலில் மாட்டி, முழங்காலில் உள்ள லாக்கை 'டொக்' என்று பூட்டி, கையில் ஒரு தடி ஊன்றினால் அவள் நடப்பாள். நன்றாகவே நடப்பாள். அந்த 'டொக்' சத்தத்தை வைத்து மணி சொல்லலாம். காலை நாலே முக்காலுக்கு ஒன்று, மத்தியானம் இரண்டுக்கு ஒன்று. பொதுக் கக்கூஸுக்கு, அதாவது நாங்கள் சொல்கிற சண்டாஸுக்கு, போகிற நேரம்.

"எம்பத்திரெண்டு எட்டு அண்ணாச்சி," என்று ஒரு தடவை சொன்னாள். "என் வாசல்லேருந்து சண்டாஸ் வரிசை வரைக்கும். மழைன்னா தொண்ணூறு."

"ஏன், மழைக்கு சந்து நீண்டு போவுமா?"

"தண்ணிய சுத்திப் போவணும்லா. ஒங்க காலுக்கென்ன, தாண்டிப்புடுவிய."

இதையெல்லாம் ஒரு புலம்பல் இல்லாமல் சொல்வாள். கை மட்டும் நிற்காது. அவள் தொழில் கைமுறுக்கு. தரையில் வெள்ளைத் துணி விரித்து, காலை ஒரு பக்கம் மடக்கி வைத்து உட்கார்ந்துவிடுவாள். இடித்துச் சலித்த பச்சரிசி மாவில் உளுத்தமாவும் வெண்ணெயும் சீரகமும் சேர்த்துப் பிசைந்து, ஒரு உருண்டையைக் கையில் எடுத்தால், பெருவிரலும் இரண்டு விரலும் மாவை முறுக்கிக்கொண்டே போகும். ஐந்து சுற்று, ஏழு சுற்று, கல்யாணத்துக்கு என்றால் பதினொன்று. அறுந்து நான் பார்த்ததில்லை. மாட்டுங்காவில் பத்ரி என்று ஒரு பாலக்காட்டுக்காரர் பலகாரக் கடை வைத்திருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள், டப்பாக்களைப் பையில் கட்டிக்கொண்டு, ஷேர் டாக்சி ஏறி, இவளே கொண்டுபோய்க் கொடுப்பாள். சரக்கில் எண்ணெய் வாடை வந்தது என்று அவர் ஒருநாள் சொன்னதுக்கு, மூன்று டப்பாவையும் திருப்பி வாங்கிக்கொண்டு வந்து எங்கள் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் தூங்காமல் வேறு செய்து கொண்டுபோனவள்.

அவளுக்கு ஆறு வருஷமாக மாதாமாதம் சர்க்கார் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் அதைத் தொடுவதில்லை. கேலிபர் பழசு, பன்னிரண்டு வருஷத்துச் சரக்கு. பரேலில் அளவெடுத்துச் செய்கிற மிஸ்திரி, முழங்கால் லாக் தேய்ந்துவிட்டது, அடுத்த மழைக்குள் புதிது செய்துவிடு என்று சொல்லியிருந்தார். அந்தக் காசு அதற்குத்தான். பாதிதான் சேர்ந்திருந்தது. அதையும் கிளாராவின் டெங்கு காய்ச்சல் தின்றுவிட்டது. சரி, திரும்பச் சேர்க்கலாம் என்று உட்கார்ந்தபோது தொகை நின்றது.

போன வருஷம் மே மாதம் கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, ரெண்டு மாசமா மெசேஜ் வரல. போன் கெட்டுப்போச்சா, சர்க்கார் கெட்டுப்போச்சான்னு பாருங்க."

பார்த்தேன். பழைய ஊனச் சான்றிதழ் செல்லாது, புது அட்டை வாங்க வேண்டும், அதுவரை நிறுத்தம். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அட்டைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் போர்டு புதன்கிழமை மட்டும் உட்காரும். முதல் புதன் எலும்பு டாக்டர் லீவு. இரண்டாவது புதன் சர்வர் டவுன். மூன்றாவதற்கு இரண்டு மாசம் தள்ளித் தேதி. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு நாள் முறுக்கு போனது, டாக்சிக்குக் காசு போனது. ஐந்தாவது புதனில் ஒரு சின்ன டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து இப்படி, இப்போதும் அப்படியேதான் இருக்கிறதா என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? நடுவுல மொளச்சுப் பாத்தது டாக்டர், புடிக்கலன்னு போயிருச்சுன்னேன். தமிழ்ல சொன்னேன். அவருக்கு வெளங்கல. சிரிச்சாரு, பாவம்."

அட்டை கைக்கு வர அக்டோபர் ஆகிவிட்டது. இனி வீட்டு விசாரணை, அது முடிந்தால் பணம் என்றார்கள். டிசம்பரில் ஒரு காலை தாசில் ஆபீசிலிருந்து எனக்கே போன் வந்தது. விண்ணப்பத்தில் என் நம்பரைத்தான் போட்டிருந்தேன். நாளை பதினோரு மணிக்கு ஆபீசர் வருகிறார். நான் ஓடிப்போய் சந்து முழுவதும் சொன்னேன். அதுதான் என் பங்கு.

சந்து எழுந்துகொண்டது. நாற்காலி வந்தது, ஃபேன் வந்தது, தம்ளர் வந்தது. நானே இரண்டு நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனேன். சுவருக்குப் புதுத் திரை. சேசுராஜ் லீவு போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றான். ஏஞ்சலம்மாளின் சங்கிலி கிளாராவின் டெங்குக்கே அடகுக் கடைக்குப் போய்விட்டிருந்தது. மஞ்சள் கயிறு மட்டும் கழுத்தில்.

"வெறுங்கழுத்தோடயா யக்கா ஆபீசர் முன்னால இருப்பிய? கொண்டாங்க கழுத்த," என்று இசக்கியம்மாள் சங்கிலியைப் போட்டுவிட்டாள்.

ஆபீசர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், ஃபேன் காற்று வாங்கினார், கண்ணாடித் தம்ளரில் குளிர்பானம் குடித்தார், ஐந்து முறுக்குத் தின்றார். சுவரோரம் அடுக்கியிருந்த முறுக்கு டப்பா இருபதையும் எண்ணினார். பிறகு ஏஞ்சலம்மாளின் கழுத்தைப் பார்த்து, அசலா என்று இந்தியில் கேட்டார்.

ஏஞ்சலம்மாள் என்ன சொல்வாள்? இரவல் என்று வந்தவரிடம் சொல்லலாமா? நாங்கள் எல்லாரும் வாசலில் நின்றோம். இசக்கியம்மாள் கூரையைப் பார்த்தாள்.

"ஹாங் சாப். அஸ்லி ஹை," என்றாள் ஏஞ்சலம்மாள், முதுகை நிமிர்த்தி.

அவர் எழுதிக்கொண்டு போனார். நாங்கள் பெருமையாக அனுப்பிவைத்தோம். கூறுகெட்ட கூட்டம். மார்ச்சில் என் கம்ப்யூட்டரில் பதில் வந்தது. வீட்டில் நகை, தளவாடம், சொந்தத் தொழில் உள்ளது, ஆதரவற்றவர் அல்ல, நிராகரிக்கப்பட்டது.

இசக்கியம்மாள் சங்கிலியைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு அழுதாள். ஏஞ்சலம்மாள் அதை எடுத்துத் துடைத்து அவள் கையில் வைத்தாள்.

"ஏட்டி இசக்கி, சங்கிலி என்ன செய்யும்? கேட்டது அவரு, சொன்னது நான். அண்ணாச்சி, மறுபடியும் எழுதிப் போடுங்க."

மேல்முறையீடு எழுதிப் போட்டேன். அதற்கும் காத்திரு என்றது கம்ப்யூட்டர்.

ஜூன் பத்தாம் தேதி முதல் மழை. சந்தில் சாக்கடைக்கு மேல் போட்ட பலகையில் கால் வைத்தபோது லாக் முறிந்தது. நான் கடையிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். 'டொக்' இல்லை, வேறு சத்தம். போய்ப் பார்த்தால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். தடி மிதந்துகொண்டிருந்தது.

"விழல அண்ணாச்சி, ஒக்காந்துட்டேன்," என்றாள்.

வெயிலுமுத்து எங்கள் சந்தில் தோல்பை தைக்கிற கைகாரன். கேலிபரின் தோல் வாரெல்லாம் ஒவ்வொரு மழைக்கும் அழுகிப்போகும், அவன்தான் மாற்றித் தைப்பான். காசு வாங்க மாட்டான், முறுக்கு வாங்கிக்கொள்வான். அன்றைக்கும் எடுத்துக்கொண்டு போனான். பெரிய சூட்கேசுக்குப் போடுகிற பித்தளைப் பூட்டு ஒன்றை அறுத்து, ராவி, முழங்காலில் வைத்து ரிவெட் அடித்து மறுநாள் கொண்டுவந்தான்.

"யக்கா, இது எக்ஸ்போர்ட் குவாலிட்டி. மாட்டிப் பாருங்க."

மூன்று எட்டு நடந்தாள். நாலாவதில் அது பிளந்துகொண்டது. அவன் பிளந்த பூட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மனுசி கனத்த தாங்கலையே யக்கா."

"நான் என்ன பொட்டியாடே? போ, போயி சாப்பிடு," என்று இரண்டு முறுக்கைக் கொடுத்து அனுப்பினாள்.

அதற்குப் பிறகு கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டாள். கையை ஊன்றி, உடம்பை இழுத்து, அந்த எண்பத்திரண்டு எட்டையும் தரையில் போனாள். மழைக்காலத் தாராவிச் சந்துத் தரை எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டாம். அவளைப் பார்த்தால் வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லாரும் ஒதுங்கி, "யக்கா, முன்ன போங்க, முன்ன போங்க" என்பார்கள். அவள் யாரையும் பார்க்காமல் போய்விட்டு வருவாள். போகிற தடவையைக் குறைக்க, தண்ணீரைக் குறைத்தாள். பிறகு டீயை விட்டாள். எண்ணெய்ச் சட்டி முன்னால் நாலு மணி நேரம் உட்கார்கிறவள் ஒரு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர். ஜூலையில் காய்ச்சல் வந்து, மூத்திரத்தில் கிருமி என்றார்கள். மாட்டுங்காவுக்கும் போக முடியவில்லை. கிளாரா வேலைக்குப் போகிற வழியில் கொண்டுபோனாள், அது பாதிச் சரக்குக்குத்தான் முடிந்தது. மழையில் முறுக்கு வேறு நமுத்தது.

கிளாரா ஒருநாள் கடையில் வந்து வெடித்தாள்.

"அங்கிள், நீங்களாச்சும் சொல்லுங்க. நான் தூக்கிட்டுப் போறேன்னா கேக்க மாட்டேங்குது. டாடி தூக்கினாலும் நோ. ஃபாதர் சர்ச்ல கலெக்ஷன் எடுக்கலாம்னாரு, அதுக்கும் நோ. இத்னா ஜித் கிஸ்லியே? எதுக்கு இவ்ளோ பிடிவாதம்?"

நான் போய்ச் சண்டை போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் நியாயம் எல்லாம் வாய்க்கு வரும். ஏஞ்சலம்மாள் முறுக்கைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"முடிஞ்சா அண்ணாச்சி? சர்ச்சுல பொட்டி வைக்கட்டும், நான் செத்த பொறவு வைக்கட்டும். போன வருசம் அந்தப் பொட்டியில நானும் போட்டிருக்கேன், ஒரு பிள்ளை ஆப்பரேசனுக்கு. அது இல்லாதவுகளுக்கு. எனக்குக் காலு இல்லன்னு சர்க்காரே எழுதிக் குடுத்துருக்கு. அதுக்கு உள்ளத அவுக தரட்டும். நான் என்ன பிச்சையா கேக்கேன்?"

"அதுக்குத் தண்ணி குடிக்காம செத்துப் போவியா?"

"குடிக்கேன். இந்தா குடிக்கேன்." என் எதிரே அரைத் தம்ளர் குடித்துக் காட்டினாள். மீதியைச் சொம்பில் ஊற்றினாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது, வந்துவிட்டேன்.

ஆகஸ்டு முதல் வாரம் மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தது. மறு விசாரணைக்கு ஆள் வருவார், தேதி சொல்லப்படாது. அன்று சாயங்காலம் கிளாரா ஒரு திட்டம் போட்டாள். சந்துப் பெண்கள் எல்லாரும் அந்த அறையில் இருந்தார்கள், நான் வாசலில். ஃபைலோடு யார் முனையில் தென்பட்டாலும் நான் போன் அடிக்க வேண்டும். உடனே டப்பாக்கள் மாடி வீட்டுக்குப் போகும். அடுப்பு பரணுக்குப் போகும். அம்மா கிழிந்த நைட்டி உடுத்திப் படுத்துக்கொள்ள வேண்டும்.

"கொஞ்சம் அழணும்மா. ஒரே ஒரு நாள் ஆக்டிங்."

ஏஞ்சலம்மாள் மாவுக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போன தடவ இல்லாதத இருக்குன்னு காட்டினோம். இந்தத் தடவ இருக்கறத இல்லன்னு காட்டணுமாக்கும்."

"அப்பறம் எப்படிம்மா கெடைக்கும்?"

"பாப்போம்ட்டி," என்றாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நான் பன்னிரண்டு நாள் முனையைக் காவல் காத்தேன். பதின்மூன்றாம் நாள் விடாத மழை. தொண்ணூறு அடி ரோடு முழங்கால் தண்ணீர். மத்தியானம் இரண்டு மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குடையைப் பிடித்துக்கொண்டு சண்டாஸில் ஆண்கள் வரிசையில் நின்றேன். ரோடு தண்ணீராகக் கிடந்ததால், மறு விசாரணைக்கு வந்த ஆபீசரம்மாள் முனைப் பக்கம் வராமல் பின் வழியாக வந்துவிட்டாள். ஐம்பது வயது மராத்திக்காரி. நனைந்த சல்வார், பிளாஸ்டிக் உறைக்குள் ஃபைல். தட்டுத் தடுமாறி நின்றவள், அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து தரையோடு வெளியே வந்த ஒருத்தியைப் பார்த்து, ஏஞ்சலம்மாவைத் தெரியுமா, வீடு எங்கே என்று கேட்டாள்.

"ஏஞ்சலம்மா சேசுராஜ். மாலும் ஹை? கிதர் ரெஹ்தீ ஹை?"

தலையில் கோணியாகக் கவிழ்த்த பிளாஸ்டிக் தாள், கைகளில் நீலச் செருப்பு. ஏஞ்சலம்மாள் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். ஃபைலைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். என் கை போனுக்குப் போயிருந்தது. வேண்டாம் என்பதுபோல் ஒரு பார்வை.

"மேரே பீச்சே ஆவோ மேடம். சம்பல்கே. பானி ஹை," என்றாள்.

என் பின்னால் வாருங்கள், பார்த்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு, கையை ஊன்றிப் புறப்பட்டாள். ஆபீசரம்மாள் பின்னால் போனாள். என் முறை வந்துவிட்டது, விட்டுவிட்டு நானும் போனேன். வழியெல்லாம் ஏஞ்சலம்மாள் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனாள். இங்கே பலகை ஆடும், இந்தக் கல்லில் கால் வைக்காதீர்கள், அந்தப் பக்கம் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, தலை பத்திரம். தரையில் போகிறவள் நின்று நடக்கிறவளுக்கு வழி சொன்னாள். கதவுகளில் பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி புரிந்துகொண்டு டப்பாக்களை எடுக்க முன்னால் ஓடினாள்.

"டப்பாவ எடுக்காதட்டி. அங்கனயே இருக்கட்டும்," என்றாள் ஏஞ்சலம்மாள், தமிழில்.

வாசலில் செருப்புகளைக் கழற்றினாள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். ஈரத்தைத் துடைத்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். உள்ளே போய், தன் இடத்தில் வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எதிரே ஒரு பாயை விரித்தாள். நாற்காலி இல்லை.

"பைட்டோ மேடம்."

உட்கார்ந்தவள் சுற்றிப் பார்த்தாள். "ஏஞ்சலம்மா கௌன்?"

"மைன்," என்றாள், தன் நெஞ்சைத் தொட்டு.

ஆபீசரம்மாள் திரும்பி, வாசலில் கிடந்த நீலச் செருப்புகளைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள். எல்லாம் இந்தியில்தான். வேலை செய்கிறாயா? செய்கிறேன், பார்க்கிறீர்களா என்று ஒரு உருண்டையை எடுத்து ஐந்து சுற்றுச் சுற்றித் துணியில் வைத்தாள். எவ்வளவு வரும்? மழையில்லாத மாதம் இவ்வளவு, மழையில் பாதி. புருஷனுக்கு? இவ்வளவு. மகளுக்கு? இவ்வளவு, பாதி ரயிலுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகும். ஒன்றையும் மறைக்கவில்லை. கிளாரா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

ஆபீசரம்மாள் பழைய காகிதத்தைப் புரட்டினாள். போன ரிப்போர்ட்டில் தங்கச் சங்கிலி என்று இருக்கிறதே, அசல் என்று நீயே சொன்னதாக இருக்கிறதே?

ஏஞ்சலம்மாள் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னவளால் இதைச் சொல்ல முடியவில்லை. வாசலில் இசக்கியம்மாள் நின்றாள். வழக்கம்போல் கூரையைப் பார்த்தாள். பிறகு பார்வையை இறக்கினாள். எங்கள் சந்து உண்டான நாளிலிருந்து எவளும் செய்யாததைச் செய்தாள்.

"மேரா ஹை மேடம்." கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றி நீட்டினாள். "அது என் சங்கிலி. நான்தான் போட்டுவிட்டேன். அவுகளுது அடகுல போயி ரெண்டு வருசமாச்சு." அதை நான் இந்தியில் எடுத்துச் சொன்னேன்.

அவளுக்குப் பின்னாலிருந்து எதிர் வீட்டுக்காரி, "பங்கா மேரா," என்று ஃபேனுக்குச் சொந்தம் கொண்டாடினாள். மாடி வீட்டுக்காரி தம்ளர் தன்னுடையது என்றாள். முனை வீட்டுக்காரி நான்கு நாற்காலி என்று நான்கு விரலைக் காட்டினாள். திரை யாருடையது என்பதுகூட அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நானும் விடவில்லை. "குர்சி மைன் லாயா," என்றேன். நாற்காலியைத் தூக்கிவந்தவன் நான்.

ஆபீசரம்மாள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். சிரிப்பு வந்திருக்கும், சிரிக்கவில்லை. நான் ஏஞ்சலம்மாளைத்தான் பார்த்தேன். எண்பத்திரண்டு எட்டுத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு வந்தபோது குனியாத தலை அப்போது குனிந்தது. சங்கிலி தன்னுடையது இல்லை என்று வந்தவள் முன்னால் ஊரே சொன்னது அவளுக்கு அவ்வளவு வலித்தது. நாங்கள் செய்தது சரிதான். ஆனாலும் வலித்தது.

எழுதி முடித்து, கைரேகை வாங்கி, ஆபீசரம்மாள் எழுந்தாள். ஏஞ்சலம்மாள் நிமிர்ந்தாள். "ஏட்டி இசக்கி, அந்தத் தட்ட எடு," என்றாள். முறுக்கு சாப்பிடாமல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆபீசரம்மாள் ஒன்று தின்றாள். இன்னொன்றைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மேலே அனுப்புவேன். டைம் லகேகா," என்றாள் போகும்போது. நேரமாகும். அதுதான் எங்களுக்குத் தெரியுமே.

நேரமானது. செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. ஏஞ்சலம்மாள் தரையோடுதான் போய்வந்தாள். தண்ணீர் மட்டும், இசக்கியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுக் குடிக்கவைத்தாள். நவம்பரில் மெசேஜ் வந்தது. பணம் அந்த மாதத்திலிருந்துதான். நின்றுபோன பத்தொன்பது மாதத்துக்கும் ஒன்றும் கிடையாது. எனக்கு வந்த கோபத்துக்குக் கம்ப்யூட்டரை உடைத்திருப்பேன்.

"எழுதுங்க அண்ணாச்சி, அதையும் கேட்டு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுதேன்," என்றாள் ஏஞ்சலம்மாள். "அதுக்குள்ள நான் மிஸ்திரிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

முதல் மாதப் பணம் அட்வான்ஸுக்குப் போனது. மீதியைக் கிறிஸ்துமஸ் ஆர்டரில் புரட்டினாள். பத்ரி ஒரே தடவையில் அறுநூறு முறுக்குக் கேட்டிருந்தார். அவளும் கிளாராவும் ஒன்பது நாள் சுற்றினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால், மத்தியானம் இரண்டு மணி. கடையில் இருந்தேன். சந்துக்குள்ளிருந்து 'டொக்' என்று கேட்டது. புது லாக், சத்தம் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. எனக்கு அப்போது போகவேண்டிய அவசரம் எதுவும் இல்லை. இருந்தாலும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சண்டாஸுக்குப் போகிறவன் மாதிரி தண்ணீர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன்.

புதுத் தோல், கறுப்பு ஷூ. மெதுவாக நடந்தாள். வாய் எண்ணிக்கொண்டிருந்தது. வெயிலுமுத்து தைத்துக்கொண்டிருந்த பையை மடியில் போட்டுவிட்டு, கேலிபரின் லாக்கையே பார்த்தான். "ஸ்டீல்," என்றான் என்னிடம், தோற்றவன் மாதிரி, சந்தோஷமாக.

பெண்கள் வரிசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆறு மாசப் பழக்கம். அவளைப் பார்த்ததும் எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

"யக்கா, முன்ன போங்க."

ஏஞ்சலம்மாள் தடியை ஊன்றி நின்றாள். மூச்சு வாங்கியது. நெற்றியில் வேர்வை.

"வேண்டாம்ட்டி," என்றாள். "நான் நிக்கேன்."

கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.